வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஏபி தேர்வு: முதலில் பள்ளியில் இடம் பிடியுங்கள்

அமெரிக்காவில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, ஏபி கால்குலஸுக்கு எந்தப் புத்தகம் நல்லது என்றுதான். எந்தப் பள்ளியில் போய் எழுதப் போகிறாள், அங்கே பேசிவிட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். "தேர்வு மே மாதம்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பதற்றம் வந்துவிடும்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2022இல் மூத்தவள் கால்குலஸுக்கு நன்றாகத் தயாராகியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள், சரி, பக்கத்து ஹைஸ்கூலில் பெயரைக் கொடுத்துவிடலாம் என்று போன் செய்தேன். வெளி மாணவர்களை எடுப்பதில்லை என்றார்கள். அடுத்த பள்ளியில், நவம்பரிலேயே வினாத்தாளுக்கு ஆர்டர் போட்டு முடித்தாயிற்று என்றார்கள். மூன்றாவது பள்ளியில் யாரிடம் கேட்கவேண்டும் என்பதே யாருக்கும் தெரியவில்லை. இப்படிப் பதினோரு பள்ளிகள். பன்னிரண்டாவதாக, ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போகவேண்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஓர் அம்மையார், "அனுப்பிவையுங்கள், தாமதக் கட்டணம் மட்டும் ஆகும்" என்றார். தேர்வன்று நாங்கள் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்தோம். பிள்ளை ஒரு வருடம் உழைத்த உழைப்பு, நான் ஆறு மாதம் தாமதமாகச் செய்த ஒரு போன் அழைப்பால் வீணாகப் பார்த்தது. இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

ஏபி என்பது என்ன, வீட்டுப் பிள்ளைக்கு அது ஏன் வேண்டும்

ஏபி, அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், ஹைஸ்கூல் வயதிலேயே கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதும் ஏற்பாடு. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் அதே காலேஜ் போர்டுதான் 1950களின் நடுவிலிருந்து இதையும் நடத்துகிறது. பாடங்கள் ஏறக்குறைய நாற்பது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தேறியதாக எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தேர்வு எழுத அந்தப் பாடத்தை வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாரும் தானே படித்து எழுதலாம். இரண்டு, காலேஜ் போர்டுக்கென்று தனித் தேர்வு மையங்கள் கிடையாது. பள்ளிகளில்தான் தேர்வு நடக்கிறது. எழுதும் உரிமை உங்கள் பிள்ளைக்கு இருக்கிறது. எழுதும் நாற்காலி இன்னொருவர் பள்ளியில் இருக்கிறது. வேலை முழுவதும் இந்த இடைவெளியில்தான்.

வீட்டில் படித்த பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலில், மதிப்பெண் போட்டது அம்மாவோ அப்பாவோதான். கல்லூரிச் சேர்க்கை அலுவலருக்கு அதை நம்ப வெளியிலிருந்து ஒரு சான்று தேவைப்படுகிறது. முன்பு எஸ்ஏடி பாடத் தேர்வுகள் அந்த வேலையைச் செய்தன. 2021இல் அவற்றை நிறுத்திவிட்டார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணையே பார்ப்பதில்லை. ஆனால் 'ஏ-ஜி' எனப்படும் பாடத் தகுதிகளை ஏபியில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கி நிறைவு செய்ய வழி வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கு இதுவும் கம்யூனிட்டி காலேஜ் வகுப்புகளும்தான் இரண்டு பெரிய கதவுகள்.

ஏபி மதிப்பெண்ணைப் பார்த்து அந்தப் பாடத்தை முடித்ததாகக் கல்லூரி ஏற்றுக்கொள்வதுதான் கிரெடிட். அது கிடைப்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். டெக்சாஸில் 2015இல் வந்த சட்டப்படி அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தரவேண்டும். எம்ஐடி, கால்குலஸின் இரண்டு தேர்வுகளில் விரிவானதான பிசியில் (BC) 5 வாங்கினால்தான் முதல் கணிதப் பாடத்துக்கு விலக்கு தரும். கால்டெக் ஏபிக்கு கிரெடிட்டே தருவதில்லை. ஆகவே கல்லூரிக் கட்டணம் மிச்சமாகும் என்ற கணக்கை மட்டும் வைத்து இறங்காதீர்கள். பிள்ளைக்குப் பாடம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தப் பாடம்

இடம் கிடைப்பதையும் சேர்த்து யோசித்துத்தான் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கால்குலஸ், புள்ளியியல், அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், உயிரியல் போன்றவை ஏராளமான ஹைஸ்கூல்களில் உண்டு. அந்தப் பள்ளியில் எப்படியும் அன்று தேர்வு நடக்கும். ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டால் போதும். அவர்களிடமே இல்லாத பாடத்தைக் கேட்டால், உங்கள் ஒருவருக்காகத் தனி அறையும் தனி மேற்பார்வையாளரும் ஏற்பாடு செய்யவேண்டும். பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். லத்தீன், இசைக் கோட்பாடு, இயற்பியல் 'சி' பிரிவில் மின்காந்தவியல் ஆகியவற்றுக்கு அதிக தூரம் தேடவேண்டி வரலாம். மொழித் தேர்வுகளில் பேச்சைப் பதிவு செய்யும் பகுதி இருப்பதால் அதற்கான வசதியும் வேண்டும்.

செமினார், ரிசர்ச் என்ற இரண்டு ஏபி பாடங்களும் கேப்ஸ்டோன் என்ற ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்த பள்ளியின் மாணவர்களுக்கானவை. தனியாகப் படித்துவிட்டுப் போய் எழுத முடியாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபிள்ஸுக்கு மே தேர்வோடு பிள்ளை தானே ஒரு புரோகிராம் எழுதி ஏப்ரல் 30க்குள் இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. கால்குலஸின் AB, BC தேர்வுகள் இரண்டையும் ஒரே ஆண்டில் எழுத முடியாது. BC எழுதினால் AB பகுதிக்குத் துணை மதிப்பெண் சேர்ந்தே வரும்.

நம்மவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி, தமிழுக்கு ஏபி உண்டா என்பது. இல்லை. தமிழ்ப் பள்ளியில் வருடக்கணக்காகப் படித்த பிள்ளைக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால், உங்கள் மாநிலத்தின் இருமொழிச் சான்று முத்திரையில் (சீல் ஆஃப் பைலிட்டரசி) வீட்டுப் பிள்ளைகளுக்கும் தமிழுக்கும் இடம் இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள்.

வயது வரம்பு கிடையாது. அதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கால்குலஸ் தேர்வுக்குத் தள்ளுவதை நான் ஏற்பதில்லை. பிள்ளை தானாக அங்கே வந்து நின்றால் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறான் என்பதற்காக வேண்டாம்.

பள்ளியைத் தேடுவது

இதுதான் முக்கியமான கட்டம். தொடங்கும் நேரம், தேர்வுக்கு முந்தைய ஆண்டின் ஏப்ரல் அல்லது மே. அப்போது முடியவில்லை என்றால் ஆகஸ்ட். அதற்கு மேல் தள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பள்ளிகள் வசந்தகாலத்தில்தான் ஆர்டர் போடும். 2019-20 கல்வியாண்டிலிருந்து காலேஜ் போர்டு அதை நவம்பர் நடுவுக்கு மாற்றிவிட்டது. பள்ளிகள் தங்கள் வசதிக்காக அதற்கும் முன்னால், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, ஒரு தேதியைச் சொந்தமாக வைத்துக்கொள்கின்றன. பழைய அனுபவம் உள்ள நண்பர்கள், "ஜனவரியில் கேட்டாலே போதும், நாங்கள் அப்படித்தான் செய்தோம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். அது அந்தக் காலம்.

முதலில் உங்கள் மாநிலத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நாங்கள் இப்போது இருக்கும் வர்ஜீனியாவில், வீட்டுக்கல்விச் சட்டத்தின் 22.1-254.1ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: வீட்டில் படிக்கும் மாணவர்களுக்கு ஏபி, பிஎஸ்ஏடி (எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) ஆகியவற்றை எழுதப் பள்ளி வாரியங்கள் வசதி செய்துதர வேண்டும், பதிவுக்கான கடைசி தேதியை எழுத்துபூர்வமான கொள்கையாக வைத்து, அதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே ஃபேர்ஃபேக்ஸிலோ லவ்டனிலோ இருப்பவர்கள் தயங்கிக் கேட்கவேண்டியதில்லை. கவுண்டியின் வீட்டுக்கல்வி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அந்தத் தேதியைக் கேட்டால் போதும். ஆனால் தேதி தவறினால் சட்டமும் கைகொடுக்காது. ஆகஸ்ட் 15க்குள் நீங்கள் கொடுக்கும் வீட்டுக்கல்வி அறிவிப்பின் நகலையும் அதற்கு வந்த பதில் கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கேட்பார்கள்.

பல மாநிலங்களில் இப்படிச் சட்டம் இல்லை. அங்கே வெளி மாணவரை எடுப்பதும் எடுக்காததும் அந்தந்தப் பள்ளியின் விருப்பம். வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள் என்று காலேஜ் போர்டு ஊக்குவிக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை.

எந்தப் பள்ளியில் எந்த ஏபி பாடம் இருக்கிறது என்பதை ஏபி கோர்ஸ் லெட்ஜர் என்ற காலேஜ் போர்டின் இணையப் பட்டியலில் பார்க்கலாம். கட்டணம் இல்லை. மாநிலம், ஊர், பாடம் என்று தேடி, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் பள்ளிகளைத் தாளில் எழுதுங்கள். முதலில் உங்கள் முகவரிக்குரிய அரசு ஹைஸ்கூல், அடுத்து அதே மாவட்டத்தின் மற்றப் பள்ளிகள், பிறகு பக்கத்து மாவட்டம், அப்புறம் தனியார் பள்ளிகள். கத்தோலிக்க ஹைஸ்கூல்களை விட்டுவிடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களுக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. பிள்ளை ஏதாவது சார்ட்டர் பள்ளியின் வீட்டுக்கல்வித் திட்டத்தில் பதிவாகியிருந்தால், அந்தப் பள்ளியிடம்தான் முதலில் கேட்கவேண்டும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

முன் அலுவலகத்தில் போனை எடுப்பவரிடம் கதை முழுவதையும் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியாது, தெரியாதபோது இல்லை என்று சொல்லிவிடுவதுதான் அவருக்கு எளிது. "உங்கள் ஏபி கோஆர்டினேட்டர் யார், அவருடைய மின்னஞ்சல் என்ன" என்று மட்டும் கேளுங்கள். ஏபி நடத்தும் எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கவுன்சலராகவோ துணை முதல்வராகவோ இருந்துகொண்டு இந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர். மே மாதம் அவருக்குத் தூக்கமே இருக்காது. அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மின்னஞ்சல் ஏழெட்டு வரிகள் போதும். இந்த மாவட்டத்தில் வசிக்கிறோம், பிள்ளை முறைப்படி வீட்டுக்கல்வியில் பதிவாகியிருக்கிறாள், இந்த ஆண்டு இத்தனையாம் வகுப்பு, வரும் மே மாதம் இன்ன தேர்வு எழுத விரும்புகிறாள், உங்கள் பள்ளியில் அந்தத் தேர்வு நடக்கிறது என்று பட்டியலில் பார்த்தோம், கட்டணத்தையும் கூடுதல் செலவையும் நாங்களே கட்டுகிறோம், புகைப்பட அடையாள அட்டை இருக்கிறது, லேப்டாப்பை நாங்களே கொண்டுவருவோம். கடைசியில் ஒரே கேள்வி: வெளி மாணவர் பதிவுக்கு உங்கள் கடைசி தேதி எது? "எடுப்பீர்களா" என்று கேட்பதைவிடத் தேதியைக் கேட்பது நல்லது. எடுக்கும் பள்ளி என்றால் பதிலில் தேதியே வந்துவிடும். வீட்டுக்கல்வியின் பெருமை, பள்ளிகளைப் பற்றிய உங்கள் கருத்து, பிள்ளையின் மற்ற சாதனைகள் எதுவும் அதில் வேண்டாம்.

ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் போன் செய்யுங்கள். நேரில் போவதும் பயன்படும். ஆனால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து பள்ளிகளுக்கு எழுதலாம். ஓரிடம் உறுதியானதும் மற்றவர்களுக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும். சும்மா விட்டுவிட்டால் அடுத்த வருடம் வரும் குடும்பத்துக்கு அந்தக் கதவு மூடிப்போகும்.

மறுத்தால், மாவட்ட அலுவலகத்தின் தேர்வுப் பிரிவுக்கு ஒருமுறை எழுதிப் பாருங்கள். பள்ளியில் இல்லை என்றது மாவட்டத்தில் ஆம் ஆன கதைகள் உண்டு. காலேஜ் போர்டின் ஏபி மாணவர் சேவைப் பிரிவும் பள்ளி தேடித்தர உதவும். இரண்டு தேர்வை இரண்டு பள்ளிகளில் எழுதுவதும் முடியும். அலைச்சல்தான், ஆனால் நடக்கும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அதே மின்னஞ்சலில் அக்டோபரில் நடக்கும் பிஎஸ்ஏடி பற்றியும் கேட்டுவிடுங்கள். நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு அந்த ஆண்டுத் தேர்வுதான் கணக்கு. அதற்கும் இதே மாதிரி வெளி மாணவராகத்தான் போகவேண்டும்.

ஜாயின் கோடும் பெயரும்

இடம் உறுதியானதும் கோஆர்டினேட்டர் ஒரு ஜாயின் கோட், அதாவது இணையத்தில் பதிவு செய்வதற்கான குறியீடு, தருவார். ஒரு தேர்வுக்கு ஒரு கோட். "தேர்வு மட்டும்" என்ற பிரிவுக்கான கோட் தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை காலேஜ் போர்டு கணக்கில் நுழைந்து, மை ஏபி பக்கத்தில் அதைப் போடவேண்டும். பள்ளி எது என்று கேட்கும் இடத்தில் பலர் தேர்வு எழுதப்போகும் பள்ளியைத் தங்கள் பள்ளி என்று தவறாகப் போட்டுவிடுவார்கள். ஹோம்ஸ்கூல் என்றுதான் இருக்கவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அதற்கென்று ஒரு குறியீட்டு எண் உண்டு, கோஆர்டினேட்டரிடம் கேட்டால் சொல்வார். எல்லாம் முடிந்ததும் அந்தத் தேர்வுக்கு நேராகப் பதிவானது என்று காட்டுகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின் கோட் போட்டுவிட்டதாலேயே ஆர்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நவம்பர் முதல் வாரத்தில், ஆர்டரில் என் பிள்ளை பெயர் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறே இல்லை.

பெயர் விஷயத்தை நம் குடும்பங்களுக்காகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரில் ஒரு கணக்கு, பாஸ்போர்ட் பெயரில் இன்னொரு கணக்கு என்று இரண்டு தொடங்கிவிட்டால், மதிப்பெண்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். ஒரே கணக்கு, அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து அதே பெயர். எஸ்ஏடி, பிஎஸ்ஏடி எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான்.

தனக்குச் சொந்தமில்லாத பள்ளியில் எழுதும் மாணவர் புகைப்படத்துடன் கூடிய அரசு அல்லது பள்ளி அடையாள அட்டை காட்டவேண்டும். வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி அட்டை இருக்காது. பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் மாநில அடையாள அட்டை வாங்கலாம். கார் ஓட்டத் தெரியாத பிள்ளைக்கும் தருவார்கள்.

கற்றல் குறைபாடு, பார்வைக் குறை, நீரிழிவு போன்ற காரணத்தால் கூடுதல் நேரமோ இடைவேளையோ தேவைப்படும் பிள்ளைக்கு, காலேஜ் போர்டின் அனுமதியைத் தனியாக வாங்கவேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியே விண்ணப்பிக்கும். நமக்கு நாமேதான் படிவத்தை நிரப்பி, மருத்துவ ஆவணங்களோடு அனுப்பவேண்டும். கடைசி தேதி ஜனவரி நடுவில் வரும், பரிசீலனைக்கே ஏழு வாரம் ஆகலாம். இலையுதிர் காலத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

பணம்

2025 மே தேர்வுக்கு அமெரிக்காவுக்குள் ஒரு பாடத்துக்கு 99 டாலர். நவம்பர் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் 40 டாலர் தாமதக் கட்டணம். ஆர்டர் போட்டபின் எழுதாமல் விட்டாலும் 40 டாலர் பிடிப்பார்கள். மேற்பார்வையாளர் செலவு என்று பள்ளி தனியாக ஏதாவது சேர்க்கலாம், அதற்கு அனுமதி உண்டு. பணத்தைப் பள்ளிக்குத்தான் கட்டுகிறோம். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் காலேஜ் போர்டே 37 டாலர் குறைக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. கோஆர்டினேட்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படிப்பு

இதைப்பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் காலேஜ் போர்டு இலவசமாக வெளியிடும் பாடத்திட்ட விளக்கக் கையேடுதான் முதல் புத்தகம். எந்த அலகுக்கு எத்தனை சதவீதம் என்பது அதிலேயே இருக்கும். அடுத்தது, முந்தைய ஆண்டுகளின் விரிவான விடைக் கேள்விகளும் அவற்றைத் திருத்திய முறையும். இரண்டும் ஏபி சென்ட்ரல் தளத்தில் கிடைக்கும். மாணவர்கள் எழுதிய உண்மையான விடைகளும் அவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் அங்கே இருக்கும். வாரம் ஒரு கேள்வியைப் பிள்ளையை எழுதவைத்து, அந்த அளவுகோலை வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம். எங்கள் வீட்டில் எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும்விட அதுதான் அதிகம் உதவியது. ஏபி டெய்லி என்ற சிறு காணொளிகளும் கான் அகாடமியும் இலவசம். வகுப்பாகவே வேண்டுமென்றால் பென்சில்வேனியா ஹோம்ஸ்கூலர்ஸ் போன்ற அமைப்புகள் இணையத்தில் ஏபி வகுப்பு நடத்துகின்றன.

டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எச்சரிக்கை. பாடத்தின் பெயருக்கு முன்னால் ஏபி என்று போடவேண்டுமானால், அந்தப் பாடத்திட்டம் காலேஜ் போர்டின் கோர்ஸ் ஆடிட் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். வீட்டில் சொல்லித்தரும் பெற்றோரும் தங்கள் பாடத்திட்டத்தை அனுப்பி ஒப்புதல் வாங்கலாம். இலவசம்தான், கொஞ்சம் பொறுமை வேண்டும். அதைச் செய்யவில்லை என்றால் கால்குலஸ் என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஏபி தேர்வு மதிப்பெண்ணைக் குறிப்பிடுங்கள். அறிவியல் பாடமென்றால் சோதனைக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கிரெடிட் கொடுக்குமுன் அதைக் காட்டச் சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன.

லேப்டாப்பும் புளூபுக்கும்

2025இல் இருந்து 28 பாடங்களின் தேர்வு புளூபுக் என்ற செயலியில் நடக்கிறது. அவற்றில் 16 முழுவதும் கணினியிலேயே. வரலாறு, ஆங்கிலம், உளவியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆகியவை இந்த வகை. மீதி 12இல், அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளாதாரம் ஆகியவற்றில், கேள்வியைத் திரையில் பார்த்து, விரிவான விடையை மட்டும் தாளில் கையால் எழுதவேண்டும்.

விண்டோஸ், மேக், ஐபேட் எதுவும் சரி. குரோம்புக் மட்டும் பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக்காக இருக்கவேண்டும். நீங்கள் கடையில் வாங்கிய குரோம்புக்கில் புளூபுக் ஓடாது. இதைத் தேர்வன்று காலையில் கண்டுபிடிப்பது பெரிய துயரம். வீட்டில் வேறு கணினி இல்லையென்றால் பள்ளியில் ஒன்று கடன் தருவார்களா என்று மார்ச்சிலேயே கேளுங்கள். செயலியை முன்பே இறக்கி, மாதிரித் தேர்வு ஒன்றை முழுவதும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வுக்குச் சில நாள் முன்பு "எக்ஸாம் செட்டப்" என்ற படியை முடித்தாக வேண்டும். பள்ளியின் வைஃபையில் வெளி ஆளின் கணினி எப்படிச் சேரும் என்பதையும் கோஆர்டினேட்டரிடம் கேட்டுவிடுங்கள். பள்ளி மாணவர்களின் கணினி தானாகச் சேர்ந்துவிடும், நம் பிள்ளையுடையது சேராது. 2025இல் என் மகன் எழுதப்போனபோது முந்தைய நாள் மாலை பதினைந்து நிமிடம் போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்தோம்.

தேர்வு நாள்

தேர்வு காலை 8 மணிக்கோ பகல் 12 மணிக்கோ தொடங்கும். கணிதக் கேள்விகளைவிட அந்தக் கட்டடம்தான் வீட்டுப் பிள்ளையை அதிகம் மிரட்டும். இரண்டாயிரம் மாணவர்கள் நடமாடும் தாழ்வாரம், மணிச்சத்தம், ஒலிபெருக்கி அறிவிப்பு, எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த அறையில் தான் மட்டும் புது முகம். தேர்வுக்கு முந்தைய வாரம், அனுமதி கேட்டு, ஒரு மாலை நேரம் அழைத்துப்போய்க் காட்டுங்கள். எந்த வாசல், கார் எங்கே நிறுத்துவது, எந்த அறை, கழிவறை எங்கே. கால்குலஸ் மூன்றேகால் மணி நேரம். அவ்வளவு நேரம் எழுந்திருக்காமல், தண்ணீர் குடிக்க ஓடாமல் உட்கார்ந்து வீட்டில் பழகாத பிள்ளைகள் நிறைய. நூலகத்தில், சத்தம் இருக்கும் இடத்தில், இரண்டு முறையாவது முழுத் தேர்வு எழுதவைத்து அனுப்புங்கள்.

பையில் அடையாள அட்டை, சார்ஜ் ஏற்றிய லேப்டாப், சார்ஜர், பென்சில், கறுப்பு அல்லது அடர்நீலப் பேனா, அந்தப் பாடத்துக்கு அனுமதி உண்டென்றால் கால்குலேட்டர். டெஸ்மாஸ் கால்குலேட்டர் புளூபுக்குக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் பழகிய கால்குலேட்டர் கையில் இருந்தால் தைரியம். போனும் ஸ்மார்ட் வாட்ச்சும் காரிலேயே இருக்கட்டும். இடைவேளையில் போனைத் தொட்டாலும் மதிப்பெண் ரத்தாகலாம். முன் அலுவலகத்தில் வெளியாள் சீட்டு எழுதி வாங்க நேரமாகும், முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

தேர்வு முடிந்து வந்த பிள்ளையிடம் என்ன கேள்வி வந்தது என்று நாம் கேட்டு, அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே கூடாது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று பிள்ளை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறாள். நன்றாகச் சாப்பிடச் சொல்லி, தூங்கவிடுங்கள்.

காய்ச்சலோ, ஒரே நேரத்தில் இரண்டு தேர்வோ வந்தால் மே மூன்றாம் வாரத்தில் மாற்றுத் தேர்வு உண்டு. கோஆர்டினேட்டருக்கு அன்றே சொல்லவேண்டும்.

ஜூலையில்

மதிப்பெண் ஜூலை தொடக்கத்தில் பிள்ளையின் கணக்கில் வரும். பள்ளியிலிருந்து எதுவும் வராது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம், அதை ஜூன் 20க்குள் குறிக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை சேரப்போகும் கல்லூரியை அங்கே மறக்காமல் போடுங்கள். எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அடுத்த மே மாதம் திரும்ப எழுதலாம். கல்லூரிக்கு ஒரு மதிப்பெண்ணை மட்டும் காட்டாமல் நிறுத்திவைக்கவும், அடியோடு நீக்கவும் வழி உண்டு.

மூத்தவளுக்கு வந்தது 4. அந்தச் சிற்றூர் அம்மையாருக்கு அவளே கையால் ஒரு நன்றிக் கடிதம் எழுதினாள். அடுத்த ஆண்டு புள்ளியியலுக்கு ஏப்ரலிலேயே கேட்டோம். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை மட்டும் எழுதி அனுப்பினார். அதற்கடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போகுமுன், புதிதாக வந்த கோஆர்டினேட்டருக்கு வீட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் எங்கள் பெயரோடு இன்னும் நான்கு குடும்பங்களின் பெயர் இருந்தது.